ஒட்டாத சுவர்

இரத்தினசிங்கத்தாருக்குக் கிருமி என்றால் பயம். கிருமியைவிட, கிருமி கொண்டு வரக்கூடிய மனிதர்கள் என்றால் இன்னும் பயம். அவருடைய கணக்கில் கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் சுத்தம். மற்றப் பக்கம் இருப்பவர்கள் பரவாயில்லை. கொட்டாஞ்சேனைக்காரரோடு கதைத்தால் பிறகு கை கழுவ வேண்டும். நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். அதனால் முதல் நாள் அவர் வீட்டுக்குப் போனபோது எனக்குத் தேத்தண்ணி பிளாஸ்டிக் கப்பில் வந்தது. குடித்து முடித்ததும் அவரே வந்து இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார்.

என் பெயர் பாலேஸ்வரி. கொழும்புக்கு வெளியே ஒரு டைல்ஸ் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் பதினொரு வருடம் இருந்தவள். எனக்குக் கீழே வேலை பழகிய மூன்று பேர் எனக்கு மேலே போன பிறகு நான் வெளியே வந்தேன். இப்போது சொந்தத் தொழில். கொட்டாஞ்சேனையில் பேர்னாட் அங்கிள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு ஒரு திரவம் தயாரிக்கிறேன். டைல்ஸை எண்ணெய்ப்பசை இல்லாமல் கழுவிக் காயவிட்டு, இந்தத் திரவத்தை மெல்லிய துணியால் பூசி, ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். அதற்குப் பிறகு அதில் தண்ணீர் நிற்காது. முத்து முத்தாய்த் திரண்டு உருண்டு விழுந்துவிடும். கொஞ்சம் வெள்ளியும் கலந்திருப்பதால் கிருமியும் வளராது. கடற்காற்றில் கறுத்துப்போகிற வெள்ளவத்தைக் குளியலறைகளுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் சொல்கிறேன்.

2007ஆம் வருடத்தில், தமிழ் ஆள் ஒருத்தி போத்தலில் இரசாயனம் கொண்டு பஸ்ஸில் போவது புத்தியுள்ள தொழில் அல்ல. சோதனைச் சாவடியில் இறக்கி, மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார்கள். பாதி பூசிய, பாதி பூசாத டைல்ஸ் துண்டு ஒன்றை நான் எப்போதும் கைப்பையில் வைத்திருப்பேன். அதில் தண்ணீரை ஊற்றிக் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஒரு சிப்பாய் தன் வீட்டுக் கிணற்றடிக்குப் பூச எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டான்.

இரத்தினசிங்கத்தார் இருபத்தேழு வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கடலைப் பார்த்த ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி அவருடையது. கட்டட நிர்வாகக் குழுவின் தலைவரும் அவர்தான். அவ்வளவு ஓய்வு நேரம் அங்கே வேறு ஒருவருக்கும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். வீட்டுக்கு உள்ளே மட்டுமல்ல, வெளியே கதவைச் சுற்றியிருந்த சுவருக்கும் நிலத்திலிருந்து கூரை வரை வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார். மாடிப்படி ஏறி வருகிறவர்கள் மூச்சு வாங்குவதற்காகச் சுவரில் கை வைப்பார்களாம். அந்தக் கைகளைத் துடைத்தெடுப்பதற்குத்தான் டைல்ஸ்.

கிருமி வளர்க்கிற சின்னக் கண்ணாடித் தட்டுகளை நான் வழக்கம்போல் கொண்டுபோயிருந்தேன். சுவரைப் பஞ்சால் ஒற்றி, தட்டில் தடவி, மூடி, இரண்டு நாள் இளஞ்சூட்டில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாதது தெரியும். அவருடைய குளியலறை, சமையலறை, வெளிச்சுவர், ஒப்பிட்டுப் பார்க்க என் கொட்டாஞ்சேனை அறைச் சுவர் என்று நாலு தட்டு. மூன்றாம் நாள் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஒன்றில் மஞ்சளும் பச்சையுமாய்ப் பூஞ்சை மயிர் முளைத்துக் கிடந்தது.

“இது உம்மட வீடு,” என்றார் இரத்தினசிங்கத்தார், விரல் படாமல் சுட்டிக்காட்டி.

“இல்லை அங்கிள். அது உங்கட பாத்ரூம். என்ர சுவர் இந்தா இருக்கு.” நான் வெறுமையாய்க் கிடந்த தட்டைக் காட்டினேன்.

அவர் உள்ளறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இது எங்கட கிருமி இல்லைப் பிள்ளை. வெளியாலை இருந்து வந்தது. வந்து ஒரு கிழமைதான்.”

வெளியிலிருந்து வந்து ஒரு கிழமையானது கிருமிக்கல்ல, நிரோஜினிக்கு. அவருடைய மனைவி அன்னபாக்கியத்தின் அண்ணன் மகள். வயது இருபத்திரண்டு. வடக்கில் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த மல்லாவியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவள். சுவிஸில் இருக்கிற ஒருவருக்கு நிச்சயமாகி, விசா நேர்முகத்துக்காகக் கொழும்புக்கு வந்திருந்தாள். அது முடியும்வரை மாமி வீடு. அந்த வீட்டில் அவளுக்குத் தட்டு, கோப்பை, சோப்புப் பெட்டி எல்லாம் தனி. மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நூல் கட்டியிருந்தார் மாமா.

அந்த நாட்களில் வடக்கிலிருந்து வருகிற தமிழர் தங்கும் இடத்தைப் பொலிஸில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கூடப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பதியாமல் பிடிபட்டால் கொண்டுபோவார்கள். எப்போது விடுவார்கள் என்பது கொண்டுபோனவருடைய மனநிலையைப் பொறுத்தது. நிரோஜினி இன்னும் பதியவில்லை.

“பதிவெல்லாம் லொட்ஜில இருக்கிற சனத்துக்கு,” என்றார் இரத்தினசிங்கத்தார். “என்ர விலாசத்துக்குக் கீழ மல்லாவி எண்டு எழுதினால், நான் இருபத்தேழு வருசம் மரியாதையாய் இருந்தது என்னத்துக்கு?”

நிரோஜினி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்ப நான் தனியப் போய்ப் பதியட்டோ மாமா?”

“வீட்டுக்காரர் வராமல் பதிய மாட்டாங்கள்.”

“அப்ப நீங்களும் வாங்கோவன்.”

அவர் தட்டை நன்றாக மூடும்படி என்னிடம் சொன்னார்.

வேலை மூன்று நாள் எடுத்தது. குளியலறை, சமையலறை, வெளிச்சுவர். நிரோஜினிதான் எனக்கு உதவி. வாளி தூக்கினாள், துணி பிழிந்தாள், கேள்வி கேட்டாள்.

“அக்கா, உதைப் பூசினால் கிருமி சாகுமோ, இல்லாட்டி பக்கத்து வீட்டுக்குப் போகுமோ?”

“சாகும்.”

“மாமாவுக்குச் சொல்லாதேங்கோ. பக்கத்து வீட்டுக்குப் போகுதெண்டால்தான் அவருக்குச் சந்தோசம்.”

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தொழிற்சாலையில் பதினொரு வருடத்தில் இப்படி ஒரு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை.

வேலை முடிந்ததும் இரத்தினசிங்கத்தார் வெளிச்சுவரில் தண்ணீர் ஊற்றினார். பிறகு தேத்தண்ணி. பிறகு மீன்குழம்பு. எல்லாம் வழிந்து ஓடியது, சுவர் வெள்ளையாகவே நின்றது. படியில் ஏறி இறங்கிய ஒருவரையும் அவர் விடவில்லை. அவர் செய்த பிறகு நாலாம் மாடி நவரத்தினத்தார் செய்யாமல் இருப்பாரா? இன்னும் மூன்று வீட்டாருக்கும் ஆசை வந்துவிட்டது. அடுத்த கிழமைக்கு அடுத்த ஞாயிறு நாலு வீட்டாரும் ஒன்றாக வந்து சுவரைப் பார்ப்பதாக ஏற்பாடு. நான் வீட்டுக்குப் போய் அன்று இரண்டு மீன்பொரியல் கூடச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பொலிஸ்காரர் வந்தார்கள். தெரு முழுவதும் வீடு வீடாகச் சோதனை. நிரோஜினியின் நேர்முகத்துக்குச் சரியாகப் பதினான்கு நாள் இருந்தது. நான் சுவரில் மறுபடி கிருமி ஒற்றிப் பார்க்க வந்திருந்தேன். சப்பாத்துச் சத்தம் இரண்டாம் மாடியில் கேட்டபோதே அன்னபாக்கியம் அன்ரி நிரோஜினியைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே ஷவர் திறக்கிற சத்தம் கேட்டது.

வந்தவர் கண்ணாடி போட்ட, அமைதியான அதிகாரி. “கவுத நான்னே?” என்று கேட்டார், யார் குளிப்பது என்று.

“துவ, மாத்தயா,” என்றார் அன்னபாக்கியம் அன்ரி. மகள்.

அதிகாரி தலையாட்டினார். கட்டிலுக்குக் கீழே பார்த்தார், அலுமாரியைத் திறந்தார், அடையாள அட்டைகளைப் பார்த்தார், போனார். வெளியே கொன்ஸ்டபிள் ஒருவர் வீட்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் நீல நிற ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினார். சோதித்தாயிற்று என்பதற்கு அடையாளம். ஸ்டிக்கர் இருக்கிற வீட்டுக்கு அந்த மாதம் திரும்ப வர மாட்டார்கள். கதவில் ஒட்டினால் நல்லது என்று நான் சொன்னேன். இலக்கத்துக்குப் பக்கத்தில், சுவரில் ஒட்டும்படிதான் கட்டளை என்றார் அவர்.

அவர்கள் நாலாம் மாடிக்கு ஏறியதும் ஸ்டிக்கரின் ஒரு மூலை சுருண்டது. பிறகு மற்ற மூலை. பிறகு முழுவதும் வழுக்கிக்கொண்டு கீழே வந்து விழுந்தது. எனக்கு உண்மையில் சந்தோஷமாக இருந்தது. அரசாங்கத்தின் பசையையே என் திரவம் வென்றுவிட்டது! பொலிஸ்காரர் போன பிறகு நவரத்தினத்தாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவரும் கைதட்டினார். எங்கள் மூன்று பேரில் முகம் வாடி நின்றது அன்னபாக்கியம் அன்ரி மட்டும்தான்.

அன்று முழுவதும் அந்த வீட்டில் ஸ்டிக்கருக்கு வைத்தியம் நடந்ததாம். பசை பூசினார்கள். ரேப் ஒட்டினார்கள். புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்ரர், சோற்றுப்பசை, மூக்குக் கண்ணாடி ஒட்டுகிற பசை ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் இரத்தினசிங்கத்தார் ஸ்டிக்கரைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரும்புக் கேற்றில் நூலால் கட்டித் தொங்கவிட்டார்.

சனிக்கிழமை வேறொரு குழு வந்தது. சுவரில் ஸ்டிக்கர் இல்லை. இரத்தினசிங்கத்தார் உறையைக் காட்டினார். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் வெறும் சந்தேகம்; கழற்றி வைத்த ஸ்டிக்கர் என்றால் பெரிய சந்தேகம். எந்த வீட்டிலிருந்து உரித்து வந்தாய் என்று கேட்டு ஒரு மணி நேரம் சோதித்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் ‘மகள்’ குளித்தாள். போகும்போது அந்தக் குழுவின் அதிகாரி புது ஸ்டிக்கரைத் தானே சுவரில் வைத்துப் பெருவிரலால் ஒரு நிமிடம் அழுத்தினார். கையை எடுத்தபோது ஸ்டிக்கர் சுவரில் இல்லை, பெருவிரலில் இருந்தது. இது என்ன சுவர் என்று கேட்டார். இரத்தினசிங்கத்தார் நல்ல சிங்களத்தில் கிருமிகளைப் பற்றி இருபது நிமிடம் விளக்கினார். மனைவியின் மருமகள் உள்ளே தண்ணீருக்குக் கீழே நிற்பது அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

அன்று பின்னேரம் அன்னபாக்கியம் அன்ரி எனக்கு அழுதுகொண்டே போன் பண்ணினார். நான் போனேன். நேர்முகத்துக்குப் பத்து நாள் இருந்தது.

“ஒரு வழி இருக்கு அங்கிள்,” என்றேன். “இலக்கத்துக்குப் பக்கத்தில உள்ளங்கை அளவு இடம். சாண்ட் பேப்பரால தேச்சுக் காரம் போட்டுக் கழுவினால் பூச்சுப் போயிடும். பிறகு ஸ்டிக்கர் பிடிக்கும். பத்து நிமிச வேலை.”

“உள்ளங்கை அளவு இடத்தில எவ்வளவு கிருமி இருக்கும் தெரியுமோ? ஊசி முனையில லட்சம் இருக்குமெண்டு நீர்தானே சொன்னனீர்.”

சொன்னேன்தான். விற்பதற்காகச் சொன்னது. அவர் அதை அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

“அப்ப பொலிசில பதியுங்கோ.”

“இவ்வளவு நாளும் ஏன் பதியேல்லை எண்டு கேட்டால் என்ன சொல்லுறது? பத்து நாள்தானே. வரமாட்டாங்கள்.” பிறகு அவர் என்னைக் கொஞ்சம் பரிவோடு பார்த்தார். “நாளைக்கு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டுக்காரரும் வருகினம். சுவரில ஒரு தேமல் மாதிரிக் கிடந்தால் உம்மட சாமானைப் பற்றி என்ன நினைப்பினம்?”

சாண்ட் பேப்பர் என் கைப்பையில் இருந்தது. அவரைக் கேட்காமலே படியில் நின்று தேய்த்திருக்கலாம். அவர் என்ன என்னை அடித்திருப்பாரா? நிரோஜினி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, நீங்கள் வடிவாய்ச் சொன்னால் கேப்பார்.”

“அந்த ஞாயிறு முடியட்டும் பிள்ளை,” என்றேன். “திங்கள் விடியவே வந்து தேச்சு விடுறன்.”

இதை நான் மறைக்கப் போவதில்லை. இரத்தினசிங்கத்தாரை இவ்வளவு நேரமும் நக்கலடித்த நான், அன்று அவருடைய பக்கம் நின்றேன். எனக்கும் அந்தச் சுவர் பழுதில்லாமல் வேண்டியிருந்தது. நாலு வீட்டு வேலை அதில் தொங்கியது. கோபப்பட வேண்டுமென்றால் முதலில் என்னோடுதான் கோபப்பட வேண்டும்.

வியாழக்கிழமை மூன்றாவது குழு வந்தது. நேர்முகத்துக்கு ஐந்து நாள். நான் ஞாயிற்றுக்கிழமைக்காக வெளிச்சுவரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். முதல் தரம் வந்த அதே கண்ணாடிக்கார அதிகாரி. சுவரைப் பார்த்தார், என் கையில் இருந்த துணியைப் பார்த்தார், உள்ளே போனார். குளியலறையில் ஷவர் சத்தம்.

“துவ?” என்று அவரே கேட்டார்.

அன்னபாக்கியம் அன்ரி தலையாட்டினார்.

அதிகாரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஹோலில் கதிரையில் உட்கார்ந்தார். இந்த வீட்டில் பொலிஸ் வருகிற மூன்று தரமும் குளிக்கிறார்கள், நல்ல சுத்தமான குடும்பம் என்று சிங்களத்தில் மெல்லச் சொன்னார். சனிக்கிழமை வந்த குழு அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். தனக்கு அவசரமில்லை என்றும் சொன்னார்.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. அன்னபாக்கியம் அன்ரி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அதிகாரி வேண்டாம் என்றார். இருபத்தைந்து நிமிடத்தில் மேல்தாங்கியில் தண்ணீர் முடிந்து ஷவர் நின்றது. ஐந்தாம் மாடியில் யாரோ தண்ணி இல்லை என்று கத்தினார்கள். பிறகு கதவு திறந்தது.

நிரோஜினி சட்டையோடு முழுக்க நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை. அதிகாரி அடையாள அட்டையைக் கேட்டார். அவள் எடுத்துவந்து கொடுத்தாள். மல்லாவி. பதிவு எங்கே என்று கேட்டார். அதை நான் தமிழில் சொன்னேன். அவள் மாமாவைப் பார்த்தாள்.

அதிகாரியும் அவரைத்தான் பார்த்தார். இந்தப் பெண் உங்களுக்கு யார்?

இரத்தினசிங்கத்தார் நேராக நின்று, இருபத்தேழு வருடம் பழகிய சிங்களத்தில் சொன்னார். “வெடட்ட ஆப்பு லமயெக்.”

நிரோஜினிக்குச் சிங்களம் தெரியாது. என் பக்கம் திரும்பினாள். “மாமா என்னவாம் அக்கா சொன்னவர்?”

வேலைக்கு வந்த பிள்ளை என்று சொன்னார். அதை என் வாயால் அவளுக்குச் சொல்ல முடியவில்லை. “ஒண்டுமில்லை,” என்றேன். ஈரச் சட்டையை மாற்ற விடும்படி அன்னபாக்கியம் அன்ரி கும்பிட்டுக் கேட்டார். அதற்கு விட்டார்கள். பிறகு கொண்டுபோனார்கள்.

விடுவிக்க ஒரு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான் இரத்தினசிங்கத்தாரிடம் போனேன். வேலைக்காரி என்று சொன்னவர் இப்போது மருமகள் என்று எழுதினால் பொய் வாக்குமூலம் ஆகிவிடுமாம். சட்டம் தெரிந்த மனிதர். வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு வீட்டாருக்குச் சுவரில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். நான் போகவில்லை. நாலு வீட்டுக்காரருக்கும் திருப்தி என்று நவரத்தினத்தார் போனில் சொன்னார். வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அன்று பின்னேரம்தான் பேர்னாட் அங்கிளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பூசைக்குப் போன உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை.

“இத ஏன் மகள் மூணு நாளா சொல்லல்ல?” என்று கேட்டார். “என்ட அட்ரஸ எழுதுவம். பின் ரூம்ல ரெண்டு பேர் இருக்க ஏலும்தானே.”

அவர் நிரோஜினியைக் கண்டதே இல்லை. திங்கட்கிழமை காலை பொலிஸ் நிலையத்துக்கு வந்து, நாலு மணி நேரம் வாங்கில் உட்கார்ந்திருந்து, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். பகல் ஒரு மணிக்கு அவளை விட்டார்கள். நேர்முகம் அடுத்த நாள் காலை எட்டரைக்கு. பாஸ்போட்டும் கடிதங்களும் வெள்ளவத்தையில், அவளுடைய சூட்கேசில். பேர்னாட் அங்கிளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் அவளும் நேரே அங்கே போனோம்.

பஸ்ஸில் அவள் கேட்டாள். “அண்டைக்கு மாமா என்ன சொன்னவரெண்டு இப்ப சொல்லுங்கோ அக்கா.” சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாங்கள் வருவது இரத்தினசிங்கத்தாருக்குத் தெரிந்திருந்தது. அன்னபாக்கியம் அன்ரிக்கு நான்தான் போன் பண்ணியிருந்தேன். கதவு திறந்திருந்தது. வாசலிலிருந்து குளியலறைக் கதவு வரை தரையில் பழைய பேப்பர் விரித்திருந்தார். இரண்டு பேப்பர் அகலம், இடைவெளி இல்லாமல், நேர்த்தியாக. பேப்பர் முடிகிற இடத்தில் புதுச் சவர்க்காரமும் டெட்டோல் போத்தலும் சிவப்பு நூல் கட்டிய வாளியும் இருந்தன. அவர் சுவரோரமாக, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன். கைக்குட்டைக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, அது அவளுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வா பிள்ளை,” என்றார். “பொலிஸ் மறியல் ஊத்தை இடம். பேப்பருக்கு மேலால நடந்து முதல்ல போய்க் குளி. பிறகு சாமானை எடுக்கலாம்.”

நிரோஜினி வாசற்படியில் நின்றாள். உள்ளே காலை வைக்கவில்லை.

“மாமி, சூட்கேசை இஞ்ச கொண்டு வாங்கோ,” என்றாள். பிறகு அவரைப் பார்த்தாள். “நான் உங்கட வீட்டில மூண்டு தரம் குளிச்சிட்டன் மாமா. காணும்.”